வாயில்லா வாதி: சிசுஹத்தியும் உயிருரிமையும்

மும்பைக் கோட்டைப் பகுதியில் ஹார்னிமன் சர்க்கிளுக்கு அருகே நிற்கும் செயின்ட் தாமஸ் தேவாலயத்தினுள், 1795 முதல் 1811 வரை பம்பாய் மாகாணத்தின் கவர்னராக இருந்து இந்நகரிலேயே காலமான ஜோனதன் டங்கனின் ஞாபகார்த்தமாக ஒரு சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. காசியிலும் கத்தியவாரிலும் சிசுஹத்தி ஒழிக்கப்பட்டது என்பதை அவருடைய வாழ்நாள் சாதனையாக அதில் பொறித்திருக்கிறார்கள். கல்லில் எழுதியவர்கள் சற்று அவசரப்பட்டுவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். ஏனெனில், அவர் மறைந்து ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும், 1870இல், பெண் சிசுஹத்தியைத் தடுப்பதற்கென்றே தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டிய நிர்ப்பந்தம் ஆங்கில அரசாங்கத்துக்கு ஏற்பட்டது.

டங்கன் காசியில் ரெசிடெண்டாக இருந்தபோது, 1789ஆம் ஆண்டில், அப்பகுதியிலிருந்த ராஜகுமார் என்னும் ராஜபுத்திர வகுப்பாரிடையே பெண் மகவுகளைப் பிறந்தவுடன் மாய்த்துவிடும் வழக்கம் இருப்பதைக் கண்டறிந்து, இனி அவ்வாறு செய்வதில்லை என்று அவர்களிடம் எழுதி வாங்கினார். 1795ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குவிதியொன்று அச்செயலைக் கொலை என்றே பிரகடனம் செய்தது. பின்னர் அவர் பம்பாய்க்குக் கவர்னராக வந்தபோது, கத்தியவாரிலும் கட்ச் பிரதேசத்திலும் ஆண்ட ஜாடேஜா சிற்றரசர்களிடையே அதே வழக்கம் நிலவுவதாகக் கேள்வியுற்று, கர்னல் அலெக்ஸாண்டர் வாக்கர் என்னும் அதிகாரியை அனுப்பி, 1808ஆம் ஆண்டளவில் அவர்களிடமும் உறுதிமொழிப் பத்திரங்கள் பெற்றார். பத்திரங்கள் பத்திரமாகவே இருந்தன. பெண் குழந்தைகள்தாம் இருக்கவில்லை. 1830களில் வில்லபி என்னும் அதிகாரி வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது, ஜாடேஜா குடும்பங்களில் ஆண் பிள்ளைகளின் தொகைக்குச் சற்றும் பொருந்தாத வகையில் பெண் பிள்ளைகள் சொற்பமாகவே காணப்பட்டார்கள். இந்த நெடிய சரித்திரத்தையெல்லாம் தொகுத்து, பம்பாயில் கல்விப் பணி புரிந்த பாதிரியார் ஜான் வில்சன் 1855இல் ஒரு நூலாகவே வெளியிட்டார்.

1870ஆம் ஆண்டுச் சட்டத்தில் கவனத்துக்குரிய அம்சம் ஒன்றுண்டு. பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்வதற்கும் சந்தேகத்துக்குரிய குடும்பங்களைக் கண்காணிப்பதற்கும் மட்டுமன்றி, கல்யாணச் செலவுகளைக் கட்டுப்படுத்துவதற்கும் விதிகள் செய்யும் அதிகாரத்தை அது அரசாங்கத்துக்கு அளித்தது. தொட்டிலில் நேரும் மரணத்துக்குக் காரணம் மணப்பந்தலில் இருக்கிறது என்பதை, இந்நாட்டுச் சாஸ்திரங்களிலோ சம்பிரதாயங்களிலோ ஆழ்ந்த பரிச்சயமில்லாத அந்நிய அதிகாரிகளும் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இதுவே அத்தாட்சி. ஆயினும், காரணம் இன்னதென்று அறிந்த பின்னும் அவர்களால் செய்ய முடிந்தது எழுதி வாங்குவதும் எண்ணிப் பார்ப்பதும் தண்டிப்பதுமாகவே நின்றது. இந்தக் குறைபாடு எங்கே இருக்கிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேற்கு இந்தியாவில் இன்னொரு வகையான சிசுஹத்தியும் அக்காலத்தில் நிகழ்ந்துவந்தது. முன்னது குலப்பெருமையின் பெயரால், குடும்பத்தின் சம்மதத்தோடு, பெண் மகவுகளுக்கு இழைக்கப்பட்டது. பின்னது அபகீர்த்திக்கு அஞ்சி, தன்னந்தனியளாய் நின்ற விதவைத் தாயின் கையாலேயே, ஆண் பெண் என்ற பேதமின்றி நிகழ்ந்தது. பால்ய விவாகம் செய்துவைத்து, கணவன் இறந்ததும் தலையை மழித்து மூலையில் அமர்த்தி, மறுமணத்துக்கு வழியில்லாமல் அடைத்துவைத்த சமூகம், அவ்வீட்டிலேயே ஒருவனுடைய இச்சைக்கு அவள் இரையாகிக் கர்ப்பமுற்றால், அவனை விட்டுவிட்டு அவளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. 1863ஆம் ஆண்டளவில் புனேயில் ஓர் இளம் பிராமண விதவை தன் சிசுவைக் கொன்ற குற்றத்துக்காக அந்தமானுக்கு அனுப்பப்பட்டபோது, அந்தத் தீர்ப்பைக் கேட்டு மனம் பதைத்தவர் ஜோதிராவ் பூலே. அவர் சபை கூட்டிப் பிரசங்கம் செய்வதோடு நின்றுவிடவில்லை. மனைவி சாவித்திரிபாயுடன் சேர்ந்து தம் இல்லத்திலேயே சிசுஹத்தித் தடுப்பு இல்லம் ஒன்றைத் தொடங்கி, கர்ப்பமுற்ற விதவைகள் இரகசியமாக வந்து பிரசவித்துச் செல்லலாம், குழந்தையை எடுத்துச் செல்வதும் விட்டுச் செல்வதும் அவரவர் விருப்பம் என்று ஊரறிய விளம்பரம் ஒட்டினார். சூத்திரரென்று தங்கள் சாதியார் ஒதுக்கிவைத்த ஒருவர் வீட்டின் கதவைத் தட்டி வந்த பிராமண விதவைகள், அடுத்த இருபதாண்டுகளில் 35 பேர். அவ்வாறு வந்த ஒருத்தியின் மகனையே பூலே தம்பதியர் சுவீகாரம் எடுத்து, யஷ்வந்த் என்று பெயரிட்டு வளர்த்து, மருத்துவராக்கினார்கள்.

1881இல் சூரத்தில் விஜயலட்சுமி என்னும் பிராமண விதவைக்கு இதே குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது; பம்பாய் உயர்நீதிமன்றம் அதை நாடுகடத்தல் தண்டனையாகக் குறைத்தது. பத்திரிகைகள் அவளுடைய ஒழுக்கத்தை ஆராய்வதில் முனைந்திருந்த வேளையில், புல்டாணாவைச் சேர்ந்த தாராபாய் ஷிண்டே என்னும் மாது, 1882இல் மராத்தியில் ஸ்திரீ புருஷ துலனா என்ற சிறு நூலை வெளியிட்டு, பெண்ணின் மீது சுமத்தப்படும் தோஷங்களில் ஆணிடம் இல்லாதது எது என்று கேட்டார். ஒரு சிசுவின் கொலையை விசாரிக்கத் தொடங்கினால், விசாரணை அந்தத் தாயோடு நின்றுவிடலாகாது, அவளை அந்நிலைக்குத் தள்ளிய கைகளையும் எண்ண வேண்டும் என்ற தர்மம் அந்நூலால் எழுத்தில் ஏறியது. இதற்குள் 1875இல் பிரார்த்தனா சமாஜத்தார் பண்டரிபுரத்தில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென ஓர் இல்லம் அமைத்திருந்தனர். யாத்திரைத் தலங்களில் அநாதைக் குழந்தைகள் விடப்படுவது அக்கால வழக்கமாதலின், விட்டோபாவின் சந்நிதியருகே அவ்வில்லம் எழுந்தது மிகவும் பொருத்தமே.

மும்பைத் தமிழருக்கு நன்கு பழக்கமான மாட்டுங்காவிலேயே இந்தப் பரம்பரையின் தொடர்ச்சியைக் காணலாம். 1926 டிசம்பரில் கொலையுண்ட சுவாமி சிரத்தானந்தரின் பெயரால் நிறுவப்பெற்ற சிரத்தானந்த மகிளாசிரமம், கதியற்ற பெண்களுக்கும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் புகலிடமாக அங்கே நெடுங்காலமாக இயங்கிவருகிறது. கோயிலுக்கும் கச்சேரிக்கும் பூக்கடைக்குமென்று அத்தெருக்களில் நடமாடும் நம்மவரில் பலர் அதைக் கடந்து சென்றிருப்பார்கள். ஆனால், அந்த மதிலுக்குள் வளர்ந்த ஒவ்வொரு குழந்தையும், வேறொரு விதமாக முடிந்திருக்கக்கூடிய ஒரு கதையின் நல்ல முடிவு என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

நம்முடைய இதிகாசம் இதை அறியாததன்று. கன்னிப் பருவத்தில் பெற்ற மகனைக் குந்தி பேழையில் வைத்து ஆற்றில் விட்டாள். அவனைக் கொல்ல அவளுக்கு மனம் வரவில்லை, வளர்க்க அவளுக்கு உலகம் இடம் தரவில்லை. கர்ணன் பிழைத்தது தாயின் கருணையால் மட்டுமன்று. ஆற்றங்கரையில் அதிரதன் என்றொரு தேரோட்டி நின்று, யார் பெற்ற பிள்ளையென்று விசாரியாமல் எடுத்ததனால். பாரதக் கதை கேட்கும் நாம் குந்தியின் கண்ணீரில் காட்டும் அக்கறையை அதிரதனின் கைகளில் காட்டுவதில்லை. சிசுவின் உயிருரிமை என்று நாம் சொல்வது, உண்மையில் அதிரதனைப் போன்ற கைகளின் கடமையைத்தான்.

விஜயலட்சுமியின் வழக்குக்கு ஏறக்குறைய நூறாண்டு கழித்து, இதே கதை தமிழ்நாட்டில் வேறு வேடம் பூண்டு வெளிப்பட்டது. 1986இல் இந்தியா டுடே பத்திரிகை உசிலம்பட்டி வட்டாரத்தின் பெண் சிசுக்கொலைகளை வெளிப்படுத்தியபோது, கள்ளிப்பால் என்ற சொல் நாடெங்கும் ஓர் அவச்சொல்லாயிற்று. 1994இல் பாரதிராஜாவின் கருத்தம்மா அதைத் திரைக்குக் கொண்டுவந்தது. அந்த வட்டாரத்தில் பெண் மகவு ஆதி முதல் சுமையாகக் கருதப்பட்டதில்லை என்பதையும், பணப்பயிரும் பணப்புழக்கமும் வந்து, மாப்பிள்ளை வீட்டார் வரதட்சிணை கேட்கும் வழக்கம் கீழ்த்தட்டு வரை பரவியதை அடுத்தே இக்கொடுமை பெருகியதென்பதையும் ஆராய்ந்தவர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஒரு சாதியாரின் பிறவிக் குணமென்று பழித்து ஒதுக்குவது எளிது. ஆனால் வரதட்சிணை வாங்கும் நகரத்து மாப்பிள்ளையும் அந்தத் தொட்டிலின் அருகில் நிற்கிறான் என்பதே உண்மை.

1992இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கி, பிற்பாடு மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரிவாக்கியது. வளர்க்க இயலாத குழந்தையைக் கொல்லாதே, அரசிடம் கொடுத்துவிடு என்பதே அதன் சாரம். அத்திட்டத்தின் மீது எழுந்த ஆட்சேபணைகள் அற்பமானவையல்ல: பெண் குழந்தையைக் கைவிடுவதற்கு அரசே அங்கீகாரம் தருகிறது என்றும், வரதட்சிணையை ஒழிக்காமல் குழந்தையை இடம் மாற்றுவதால் நோய் தீராதென்றும் பெண்ணுரிமை இயக்கத்தினர் கண்டித்தார்கள். நியாயமான கண்டனமே. ஆனாலும், ஆயிரக்கணக்கான குழந்தைகள், பெரும்பாலும் பெண் குழந்தைகள், அத்தொட்டில்கள் வழியாக உயிரோடு உலகுக்கு வந்தார்கள் என்பதை மறுக்க இயலாது. பூலே ஒட்டிய விளம்பரத்துக்கும் சேலத்துத் தொட்டிலுக்கும் இடையே ஏறக்குறைய 130 ஆண்டுகள் இருந்தபோதிலும், இரண்டும் ஒன்றையே ஒப்புக்கொள்கின்றன: சிசுவை எடுத்துக்கொள்ள யாரும் முன்வராத இடத்தில், அதைக் கொல்லாதே என்ற கட்டளைக்குப் பாதி வலிமைதான் உண்டு.

இனி, தத்துவத்தின் பக்கம் சற்றுத் திரும்புவோம். உலகின் பெரும்பாலான சமயங்கள் சிசுஹத்தியைப் பாவமென்று கடிந்திருக்கின்றன. பெண் மகவுகளை உயிரோடு புதைத்த அரேபிய வழக்கத்தைக் குர்ஆன் கண்டித்தது. குடும்பத் தலைவனுக்குப் பிள்ளைகளின் உயிர் மீது அதிகாரமளித்திருந்த ரோமாபுரியில், 374ஆம் ஆண்டில் சிசுஹத்தி குற்றமாக்கப்பட்டது. இவ்வாறு தீர்ந்துவிட்டதாக நாம் எண்ணியிருந்த பிரச்சினையை, 1972இல் மைக்கேல் டூலி என்னும் அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் மீண்டும் கிளப்பினார். ஒன்றின்மீது உரிமை கொண்டாட வேண்டுமானால் அதை விரும்பும் சக்தி வேண்டும்; தொடர்ந்து உயிர்வாழ்வதை விரும்ப வேண்டுமானால் நேற்றும் இன்றும் நாளையும் இருக்கும் நான் ஒருவன் என்ற பிரக்ஞை வேண்டும்; பச்சிளம் சிசுவுக்கு அப்பிரக்ஞை இல்லை; ஆகவே அதற்கு உயிருரிமை இல்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஆஸ்திரேலியரான பீட்டர் சிங்கர், கடும் ஊனத்தோடு பிறந்த சிசுவின் விஷயத்தில் பெற்றோருக்குத் தேர்வுரிமை வேண்டுமென்று வாதித்தார். ஹெல்கா கூசேயுடன் சேர்ந்து 1985இல் எழுதிய நூலில், பிறந்து 28 நாட்கள் வரை ஓர் அவகாசம் அளிக்கலாமென்றும் யோசனை கூறினார். 2012இல் இத்தாலியரான ஜூபிலினி, மினெர்வா என்னும் இருவர் அதே வாதத்தை ஆரோக்கியமான சிசுக்களுக்கும் நீட்டி எழுதியபோது, உலகெங்கிலும் கண்டனம் மூண்டது.

கோபித்துக்கொள்வது பதிலாகாது, யுக்திக்கு யுக்தியாலேயே விடை கூற வேண்டும். விரும்பும் சக்தி இல்லாதவருக்கு உரிமையில்லை என்பது மெய்யானால், தாராவியில் பத்தடிக்குப் பத்தடி அறையொன்றின் சொந்தக்காரர் இறந்துபோகும்போது, அவருக்குப் பிறந்து ஒரு நாளேயான குழந்தை அவ்வறையில் பங்கு பெறுவது எப்படி? அறை என்பது என்ன, சொத்து என்பது என்ன என்று அக்குழந்தைக்கு ஒரு பிரக்ஞையும் இல்லை. எனினும் அதன் பங்கு அதனுடையதே. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, தந்தை இறக்கும்போது கருவில் இருந்து பின்னர் உயிரோடு பிறந்த குழந்தைக்கும் அப்பங்கை அளிக்கிறது. அந்தக் குழந்தையின் அசையாச் சொத்தை, பெற்ற தாயானாலும், நீதிமன்றத்தின் முன் அனுமதியின்றி விற்கலாகாதென்று 1956ஆம் ஆண்டின் மைனர் பாதுகாவலர் சட்டம் தடுக்கிறது. ஒரு குழந்தையின் அறையை விற்கவே பெற்றோருக்கு நீதிபதியின் உத்தரவு வேண்டுமென்றால், அதன் மூச்சை நிறுத்த அவர்களுடைய சம்மதமே போதுமென்று சொல்வது எந்தத் தர்க்கத்துக்கு உட்பட்டது? குழந்தையின் உரிமை, அது கேட்பதால் உண்டாவதன்று. கேட்க இயலாத அதற்காகப் பிறர் காத்து நிற்கக் கடமைப்பட்டிருப்பதால் நிலைபெறுவது. வாய் திறந்து வழக்காட முடியாத வாதி என்பதே அதன் வழக்கின் பலம்.

சிங்கரின் இன்னொரு வாதமும் நமக்கு அந்நியமானதன்று. நோயோடு பிறந்த ஒரு குழந்தையின் மரணத்தால், நல்வாழ்வுக்கு அதிக வாய்ப்புள்ள மற்றொரு குழந்தை பிறக்க இடமுண்டாகுமானால், மொத்த இன்பம் கூடுகிறது என்பது அவருடைய கணக்கு. இது பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட கணக்கென்று யாரும் மலைக்க வேண்டாம். இரண்டாவதும் பெண்ணாய்ப் போயிற்றே, இது போனால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று உசிலம்பட்டியில் போட்ட கணக்கும் இதுவேதான். ஒரு ஜீவனை இன்னொரு ஜீவனால் ஈடு செய்யலாமென்று நினைக்கும் புத்தி, கிராமத்துத் திண்ணையில் பேசினால் மூர்க்கமென்றும் தத்துவ சஞ்சிகையில் அச்சானால் துணிவென்றும் ஆகிவிடாது.

நமது சட்டம் இதில் எல்லைக்கோட்டைத் தெளிவாகவே வரைந்திருக்கிறது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 299ஆம் பிரிவின் விளக்கமாக இருந்து, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 100ஆம் பிரிவில் தொடரும் விதியின்படி, கருவிலிருக்கும் சிசுவின் மரணம் கொலையாகாது. ஆனால் அதன் உடலின் ஏதேனும் ஒரு பாகம் வெளிவந்திருந்தால் போதும், அது மூச்சு விட்டிருக்காவிட்டாலும், முழுதும் பிறந்திராவிட்டாலும், அதைக் கொல்வது கொலைக்குற்றமாகலாம். கருக்கலைப்பும் சிசுஹத்தியும் ஒன்றே என்று சொல்பவருக்கும், ஒன்றே ஆதலால் இரண்டையும் அனுமதிக்கலாமென்று சொல்லும் டூலிக்கும் சட்டம் கூறும் மறுமொழி இது. கருவிலுள்ள சிசுவைத் தாங்குவதற்கு ஒரே ஓர் உடல்தான் உண்டு, அவ்வுடல் அப்பெண்ணுடையது. பிறந்துவிட்ட சிசுவையோ யார் வேண்டுமானாலும் ஏந்திக்கொள்ளலாம். கைகள் பலவான பின்பு, ஒருத்தியின் இயலாமை அதன் மரணத்துக்கு நியாயமாக முடியாது.

இந்தக் கோட்டை மங்கச் செய்தவை, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த கருவிகள். 1980களில் மும்பையின் மருத்துவ நிலையங்கள், பனிக்குட நீரைச் சோதித்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வியாபாரத்தைப் பகிரங்கமாக நடத்தின. இன்று சில நூறு ரூபாய் செலவிட்டால் பிற்பாடு லட்சக்கணக்கில் வரதட்சிணை மிச்சம் என்ற தொனியில் விளம்பரங்கள் வெளியாயின. 1986இல் மகாராஷ்டிர அரசுக்காக டாக்டர் சஞ்சீவ் குல்கர்ணி நடத்திய ஆய்வில், விசாரிக்கப்பட்ட மும்பை மகப்பேறு மருத்துவர்களில் நூற்றுக்கு 84 பேர் இச்சோதனையைச் செய்துவந்தது தெரியவந்தது. படிப்பும் பணமும் உள்ள குடும்பங்கள், ஜாடேஜாக்களும் உசிலம்பட்டியாரும் செய்த காரியத்தை, கைகளில் கறைபடாமல் செய்துகொண்டிருந்தன. பெண்ணியக்கத்தாரும் மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் ஒன்றுகூடி எழுப்பிய கிளர்ச்சியின் விளைவாக, இந்தியாவிலேயே முதன்முதலாக 1988இல் மகாராஷ்டிரம் இதற்கெதிராகச் சட்டமியற்றியது. 1994இல் மத்திய அரசும் பின்தொடர்ந்தது. அச்சட்டம் ஏட்டளவில் நிற்பதைக் கண்டு, 2000ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் சென்ற மனுதாரர்களில் ஒன்று சேஹத் என்னும் மும்பை நிறுவனம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பெண் கருவை மட்டும் தேர்ந்தழிப்பதை எதிர்த்தவர்கள், பெண்ணுக்குள்ள கருக்கலைப்பு உரிமையை எதிர்க்கவில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அவ்வுரிமையை அவர்கள் விடாமல் காத்தார்கள். ஒருத்தி தாயாக விரும்பாதிருப்பது வேறு. தாயாக விரும்பியும், வரப்போவது பெண்ணென்று அறிந்து அதை மட்டும் மறுப்பது வேறு. முன்னது அவளுடைய உடலைப் பற்றிய தீர்மானம். பின்னது, பிறந்துவிட்ட பெண்கள் அனைவருடைய மதிப்பையும் பற்றிய தீர்ப்பு. சட்டம் இருந்தும் எண்கள் என்ன சொல்லுகின்றன? ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் மகாராஷ்டிரத்தில் 1991இல் 946, 2001இல் 913, 2011இல் 894. தமிழ்நாட்டில் அதே 2011இல் 943. செம்பூரை அடுத்த தேவ்னாரிலுள்ள சர்வதேச மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் நடத்திய தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2019-21இல் நாடு முழுவதும் பிறப்பின்போதான விகிதம் 929. இயற்கை ஏறக்குறைய 950 என்று விதித்திருக்க, குறையும் அந்தத் தொகையினர் யாரும் நோயால் இறந்தவர்களல்லர்.

இதே மும்பை, ஊனம் என்ற மற்றொரு கடினமான கேள்வியையும் நாட்டின் முன் வைத்தது. 2008இல் ஒரு தம்பதியரும் அவர்களுடைய மருத்துவரும் மும்பை உயர்நீதிமன்றத்தை நாடினார்கள். கருவின் இருதயத்தில் கடுமையான கோளாறு இருப்பது, சட்டம் அனுமதித்த 20 வாரங்களுக்குப் பின்னரே தெரியவந்திருந்தது. நீதிமன்றம் கலைக்க அனுமதி மறுத்தது. சில நாட்களில் கரு தானாகவே கலைந்தது. அவ்வழக்கு எழுப்பிய விவாதம் 2021இல் சட்டத் திருத்தமாக முடிந்தது: குறிப்பிட்ட பிரிவினருக்கு வரம்பு 24 வாரமாயிற்று, மருத்துவக் குழு உறுதிசெய்யும் கடும் குறைபாடுகளுக்கு வார வரம்பே நீங்கிற்று. 2023 அக்டோபரில், பிரசவத்துக்குப் பிந்திய மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த, இரண்டு குழந்தைகளின் தாய் ஒருத்தி 26 வாரக் கருவைக் கலைக்க அனுமதி வேண்டியபோது, உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் முதலில் மாறுபட்ட அபிப்பிராயம் கூற, பின்னர் மூவர் அமர்வு அனுமதி மறுத்து, பிரசவச் செலவை அரசு ஏற்குமென்றும், குழந்தையைத் தத்துக் கொடுப்பது பெற்றோரின் விருப்பமென்றும் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் முதற்பாதியைப் பற்றி இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. பிற்பாதியைக் கூர்ந்து நோக்கினால், பூலே வீட்டு விளம்பரத்தின் சாயலை அதில் காணலாம்.

பிரசவத்துக்குப் பிந்திய இம்மனநோயைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில், தாய்க்குச் சித்தப்பிரமை ஏற்படுவதுண்டு; தானும் குழந்தையும் ஆபத்திலிருக்கும் அவ்வேளையில் அவளுக்குத் தேவை மருத்துவம். நம் வீடுகளில் அதைப் பேய் பிடித்ததென்றும் பிள்ளை மேல் பாசமில்லாதவளென்றும் சொல்லிக் காலத்தைக் கடத்துகிறார்கள். விபரீதம் நேர்ந்த பிறகோ, கொலைகாரி என்கிறார்கள். இங்கிலாந்து 1922லும் 1938லும் இயற்றிய சட்டங்களால், பிரசவத்தால் மனம் நிலைகுலைந்த தாயின் குற்றத்தைக் கொலையினின்றும் தாழ்ந்ததாகப் பிரித்துவைத்தது. இந்தியாவில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. சிசுவின் உயிர் உயர்ந்தது என்பதைத் தாயின் தண்டனையின் கடுமையால் அளப்பது, விஜயலட்சுமியைத் தூக்குமேடைக்கு அனுப்ப முனைந்த அதே அளவுகோல்.

கொலையைத் தடுப்பதோடு உயிருரிமை நிறைவுபெறுவதுமில்லை. மேற்சொன்ன குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 25 குழந்தைகள் முதல் 28 நாட்களுக்குள் மடிகின்றன. சிங்கரும் கூசேயும் அவகாசமாகக் குறித்த அதே 28 நாட்கள்! ஏட்டில் தத்துவஞானிகள் விவாதித்த காலத்தை, தாராவியை ஒட்டிய சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் வேறு விதமாகச் செலவிட்டார். எடை குறைந்து, குறை மாதத்தில் பிறந்த குழந்தைகள் கிருமித் தொற்றால் இறப்பதைக் கண்டு, தாய்ப்பாலே அவற்றுக்கு அரணென்று உணர்ந்து, 1989இல் ஆசியாவிலேயே முதலாவதெனக் கருதப்படும் தாய்ப்பால் வங்கியை அங்கே நிறுவினார். பிறகு, மருத்துவமனைக்கு வருமுன்பே தாய்மார்கள் படும் பாட்டைக் கவனிக்கவென்று, 1999இல் ஸ்நேஹா என்னும் அமைப்பைத் தோற்றுவித்து, தாராவியின் சந்துகளுக்குள் பணியைக் கொண்டுசென்றார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பேரக்குழந்தைகளும் அந்தப் பராமரிப்பின் எல்லைக்குள் வாழ்பவர்களே. முகமறியாத ஒருத்தியின் பால், யாரோ ஒருத்தியின் குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றுகிறது என்பதைவிட, சிசுவின் உரிமை என்னும் கருத்துக்குத் தெளிவான பிரத்தியட்ச விளக்கம் வேறில்லை.

வளர்க்கவே இயலாத பெற்றோருக்கு இன்று சட்டம் ஒரு வழியைத் திறந்துவைத்திருக்கிறது என்பதை நம்மவரில் பெரும்பாலோர் அறியார். 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையை ஒப்படைக்கலாம். மனம் மாறினால் மீட்டுக்கொள்ள இரண்டு மாத அவகாசம் உண்டு. அந்த விசாரணையில் பெற்றோர் மீது போலீஸ் வழக்குப் பதிவு செய்யலாகாதென்றும் அச்சட்டமே தடுத்திருக்கிறது. தண்டனைச் சட்டத்தில் குழந்தையைக் கைவிடுவதற்கு ஏழாண்டு வரை சிறை உண்டென்ற செய்தி மட்டும் எல்லோர் செவிக்கும் எட்டியிருக்கிறது. குப்பைத்தொட்டிகளில் குழந்தைகள் கண்டெடுக்கப்படுவதற்கு இந்த அறியாமையும் ஒரு காரணமென்று கருத இடமுண்டு. மகப்பேறு வார்டின் சுவரில், அரசு மருத்துவமனையின் வாசலில், தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் இச்செய்தி எழுதப்படுமானால், அது எந்தத் தண்டனைப் பிரிவையும்விட அதிக உயிர்களைக் காக்கும்.

ஆகவே, சிசுவுக்கு உயிருரிமை உண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்று ஒரு சொல்லில் விடை கூறிவிட்டு நகர்வது எவருக்கும் எளிது. டங்கனுக்குக் கல்லெழுதியவர்களும் அதைத்தான் செய்தார்கள். அந்த விடைக்கு ஒரு விலை இருக்கிறது. வரதட்சிணை வாங்காத மாப்பிள்ளை, பெண் பிறந்ததற்கு முகம் சுளிக்காத மாமியார், மணமாகாமல் கருவுற்றவளைத் தெருவில் தள்ளாத தகப்பன், பிரசவித்தவளின் மனநோயை நோயென்று அறிந்து டாக்டரிடம் அழைத்துச் செல்லும் கணவன், கிராமந்தோறும் தொட்டிலும் நகரந்தோறும் தாய்ப்பாலும் தரும் அரசு ஆகிய இத்தனை பேரும் சேர்ந்து கொடுக்க வேண்டிய விலை அது. இவர்கள் யாரும் தம் பங்கைக் கொடுக்காமல், கடனை முழுதும் ஒரு தாயின் தலையில் கட்டிவிட்டு, அவள் தவறியபோது அவளை மட்டும் விசாரிக்கும் சமூகம், சிசுவின் உயிருரிமையை ஒப்புக்கொண்ட சமூகமென்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் யோக்கியதையை இன்னும் பெறவில்லை.